ஹாலோவீன் இரவும் கடலை ஒவ்வாத பிள்ளையும்: உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

எடிசன்வாசி (நியூ ஜெர்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. வேர்க்கடலையும் முந்திரியும் அவனுக்கு ஒவ்வாது என்பது சிறு வயதிலேயே பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. எபிபென் என்ற ஒவ்வாமை அவசர ஊசி எப்போதும் கைவசம் இருக்கிறது. பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் மாலையில் இதுவரை எங்கள் குடியிருப்புக்குள், நன்கு பழகிய வீடுகளுக்கு மட்டுமே அவனை அழைத்துச் சென்றோம். இந்த ஆண்டு அவனுடைய வகுப்புத் தோழர்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கூட்டமாகப் போகப்போகிறார்கள். தானும் போக வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். அதெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்பது என் கணவரின் கருத்து.

தீபாவளியும் இதே பருவத்தில்தான் வருகிறது. 2024இல் இரண்டும் அக்டோபர் 31 அன்று ஒரே நாளில் வந்தபோது, எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ஒரு மேசையில் சாக்லேட்டும் அடுத்த மேசையில் முந்திரி கேக்கும் இருந்தன. அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். பயமுறுத்தும் கதைகளைவிடச் செய்யத்தக்க வழிகளே எனக்கு வேண்டும்.

ஸ்கார்பரோ தாதி (ஒன்ராறியோ) எழுதியது:

சகோதரி, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணிபுரிகிறேன். பிள்ளையைப் போகவிடுங்கள், ஆனால் ஒரு விதியில் மட்டும் எள்ளளவும் தளர்வு வேண்டாம்: வீடு திரும்பி, நல்ல வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் பார்த்து முடிக்கும்வரை பையிலுள்ள எதையும் வாயில் வைக்கக்கூடாது. தெருவில் நடக்கும்போது தோழர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே போவார்கள். உங்கள் பிள்ளைக்குக் கை ஊறும் நேரமும் அதுதான். ஆகவே அவன் சட்டைப் பைக்குள் அவனுக்கு ஒத்துக்கொள்ளும் மிட்டாய் இரண்டு மூன்றை வீட்டிலிருந்தே போட்டு அனுப்புங்கள். போகும் முன் வயிறு நிறையச் சாப்பாடும் கொடுங்கள்.

இந்த விதிக்குக் காரணம், ஹாலோவீனுக்கென்று விற்கப்படும் மிகச் சிறிய பொட்டலங்கள். கடையில் பெரிய பையாக வாங்கும்போது உட்பொருள் பட்டியல் அந்தப் பெரிய பையின் வெளிப்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் சிறு பொட்டலங்களில் "தனியாக விற்பதற்கு அன்று" என்ற வரி மட்டும் இருக்கலாம், சிலவற்றில் அதுவும் இராது. வீட்டுக்காரர் பெரிய பையைக் கிழித்துக் கிண்ணத்தில் கொட்டியதும் அந்தப் பட்டியல் குப்பைக்குப் போய்விடும். அதே பெயரில் வரும் பெரிய அளவு மிட்டாயை உங்கள் பிள்ளை வழமையாகச் சாப்பிடுகிறான் என்பதும் உத்தரவாதம் ஆகாது, ஏனென்றால் சிறிய அளவும் பண்டிகை வடிவங்களும் வேறு தொழிற்சாலையிலோ, கச்சான் (வேர்க்கடலை) ஓடும் வேறு இயந்திரத்திலோ செய்யப்பட்டிருக்கலாம்.

இனி, லேபிளில் "கச்சான் கலந்திருக்கலாம்" என்று எழுதுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டப்படி கட்டாயமன்று, நிறுவனம் தானாக விரும்பி எழுதுவது. உட்பொருளாகச் சேர்த்ததை அறிவிப்பதுதான் கட்டாயம். அமெரிக்கச் சட்டத்தில் பால், முட்டை, மீன், ஓட்டுமீன் வகைகள், கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்று எட்டு இருந்தன. 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்து ஒன்பதானது. எங்கள் கனடாவில் எள் முன்பே பட்டியலில் உண்டு, கடுகும் உண்டு. எல்லை தாண்டி வரும் மிட்டாயில் இந்த வேறுபாட்டையும் நினைவில் வைத்திருங்கள். பெயரும் ஏமாற்றும். அமெரிக்காவில் ஸ்மார்ட்டீஸ் என்றால் வெறும் சர்க்கரை வில்லை. அதே வில்லை கனடாவில் ராக்கெட்ஸ் என்ற பெயரில் கிடைக்கிறது. கனடாவில் ஸ்மார்ட்டீஸ் என்பது நெஸ்லேயின் பால் சேர்ந்த சாக்லேட். அமெரிக்க இணையதளத்தில் ஒருவர் எழுதிய "பாதுகாப்பான மிட்டாய்ப் பட்டியலை" அச்சடித்து வைத்துக்கொண்டு, பால் ஒவ்வாத பிள்ளைக்கு ரொறன்ரோவில் ஸ்மார்ட்டீஸ் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சான்ஹோசே அப்பா எழுதியது:

எங்கள் தெருவில் இப்போது நீலப்பச்சை நிறம் பூசிய பூசணிக்காய் சில வாசல்களில் தென்படுகிறது. "இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பொருளும் உண்டு" என்பதற்கான அடையாளம் அது. 2012இல் டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த ஓர் ஒவ்வாமைப் பெற்றோர் குழு தொடங்கிய முயற்சி இது. 2014இல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு நாடு முழுவதும் கொண்டுசென்றது. நாங்கள் பூசணிக்காய்க்குக்கூட வண்ணம் பூசுவதில்லை, நீலப்பச்சைத் தாளை வெட்டிக் கதவில் ஒட்டிவிடுகிறோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தின்பண்டம் அல்லாத பொருள் என்று ப்ளே-டோ களிமண் டப்பாக்களை மொத்தமாக வாங்கிவைப்பவர்கள் உண்டு. அதில் கோதுமை இருக்கிறது. கோதுமை ஒவ்வாத குழந்தை அதைப் பிசைந்த கையை வாயில் வைத்தால் பூசணிக்காயின் நோக்கமே கெட்டுவிடும். ரப்பர் பலூனும் லேடெக்ஸ் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. பென்சில், ஸ்டிக்கர், ஒளிரும் வளையல் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. துள்ளும் சிறு பந்துகளை மட்டும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தரவேண்டாம், தொண்டையில் சிக்கும்.

டெக்சாஸ்காரன் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு தெருவில் நூறு குழந்தைகள் வந்தால் அவர்களில் சிலருக்கு ஒவ்வாமை இருக்கும் என்பது உண்மைதான். அதற்காகத் தெரு முழுவதும் மிட்டாயை விட்டுவிட்டுப் பென்சில் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? தன் பிள்ளையின் உடல்நிலை அறிந்த பெற்றோர்தான் பொறுப்பேற்க வேண்டும். எடிசன்வாசி அவர்களின் கணவர் சொல்வதில் தவறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹாலோவீன் என்றாலே அச்சத்தை விற்பது இந்த நாட்டின் வழக்கமாகிவிட்டது. மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்று ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் வருகிறது. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல்லாண்டுச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்து, முன்பின் தெரியாதவர் வாசலில் கொடுத்த நஞ்சு மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். எங்கள் மாநிலத்தில் 1974இல் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்த சிறுவனுக்கு அதைக் கொடுத்தவர் அவன் தந்தையே, காப்பீட்டுப் பணத்துக்காக. ஒவ்வாமைப் பேச்சும் இப்படி ஊதிப் பெருக்கப்பட்டதோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது.

ஸ்கார்பரோ தாதி எழுதியது:

ஐயா, நஞ்சு மிட்டாய் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்த முடிவுக்கு நேரெதிரான முடிவுக்கே நான் வருகிறேன். நடக்காத ஒன்றுக்கு அஞ்சிப் பொட்டலம் பிரிந்திருக்கிறதா, ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பெற்றோர், ஒட்டு விடாமல் ஒழுங்காக மூடியிருக்கும் பொட்டலத்தில் கச்சான் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தேடும் பழக்கம் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது, தேடும் பொருள்தான் மாற வேண்டும்.

ஊதிப் பெருக்கிய அச்சமா என்ற கேள்விக்கு: 2020இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கச்சானாலும் இன்னதென்று அறியப்படாத கொட்டைகளாலும் அனாஃபிலாக்சிஸ் என்ற உயிராபத்தான ஒவ்வாமைத் தாக்கம் ஏற்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகளின் அன்றாட எண்ணிக்கையைப் பண்டிகை வாரியாக ஒப்பிட்டார்கள். ஹாலோவீனிலும் ஈஸ்டரிலும் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்திருந்தது. கிறிஸ்மஸ், தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியவற்றில் அப்படியான உயர்வு காணப்படவில்லை. ஹாலோவீனிலும் ஈஸ்டரிலும் பிள்ளையின் ஒவ்வாமையை அறியாதவர்களின் கையிலிருந்து இனிப்பு வருகிறது என்பதே ஆய்வாளர்கள் கருதிய காரணம். வீட்டில் இருத்திவைத்தால் ஆபத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு வயதில் இருத்திவைக்கலாம், பதினாறு வயதில் யார் இருத்திவைப்பது? உணவு ஒவ்வாமையால் உயிர் போகும் ஆபத்துப் பதின்வயதிலும் இளமையிலும்தான் கூடுதல். லேபிளைப் பார், கேள், ஐயம் இருந்தால் விடு என்ற பழக்கத்தைச் சிறு வயதில், அப்பா கூடவே நடக்கும் ஓர் இரவில் பழக்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பால்வேண்டாள் (மாணவி, வாட்டர்லூ) எழுதியது:

மேலே சொன்ன பதின்வயதினரின் தரப்பிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிறந்ததிலிருந்தே பால் ஒவ்வாது. கடலை ஒவ்வாத பிள்ளையைவிடப் பால் ஒவ்வாத பிள்ளைக்கு ஹாலோவீன் பை மிக மெலிந்தது, ஏனெனில் சாக்லேட் முழுவதும் வெளியே போய்விடும். கறுப்புச் சாக்லேட்டில் பால் இல்லையே என்று சிலர் தருவார்கள். பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் அதுவும் ஓடுவதால் லேபிளில் இல்லாத பால் அதில் இருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சோதித்துக் கண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் பண்டமாற்று நடக்கும். திரும்பிவந்ததும் அப்பா தரையில் பெட்ஷீட் விரித்துப் பையைக் கொட்டுவார். எனக்கு ஆகாதவை ஒரு பக்கம், பெயரே இல்லாதவை இன்னொரு பக்கம், ஆகுபவை என் மடியில். முதல் இரண்டு குவியல்களையும் அவரிடம் "விற்று" விடுவேன். அவர் முன்பே வாங்கி ஒளித்துவைத்திருந்த மிட்டாயோ, சிறு பொம்மையோ, சில்லறையோ கைக்கு வரும். என் அண்ணனுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை, ஆனாலும் அவனும் அதே பெட்ஷீட்டில்தான் கொட்ட வேண்டும், அவனுக்கும் அதே விலைதான். அது எனக்கு இழப்பாகத் தோன்றாததற்கு அந்தச் சமத்துவமே காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

டெக்சாஸ்காரன் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. யாரும் மிட்டாயை நிறுத்தச் சொல்லவில்லை. நீலப்பச்சைப் பூசணிக்காய் வைத்த வீட்டிலும் மிட்டாய்க் கிண்ணம் இருக்கும், கூடவே இன்னொரு கிண்ணமும் இருக்கும், அவ்வளவே.

கால்கரிக் குளிர் எழுதியது:

தின்பண்டத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால் வேடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் ஊரில் அக்டோபர் கடைசியில் பனி கொட்டுவது உண்டு, ஆகவே குழந்தைகள் தடித்த மேற்சட்டைக்கு மேல் வேடத்தை மாட்டிக்கொண்டு சூப்பர்மேனாகவும் பூசணிக்காயாகவும் உருண்டு போவார்கள். எபிபென்னைத் துணியின் மேலாகவே தொடையின் வெளிப்பக்கத்தில் செலுத்தலாம் என்பது சரிதான். ஆனால் பஞ்சு திணித்த டைனோசர் வேடம், அதற்குள் பனிக்கால்சட்டை, அதற்குள் உள்ளாடை என்று அடுக்கியிருந்தால் ஊசி தசையை எட்டாமல் போகலாம். தொடைப்பகுதியைச் சட்டென்று விலக்கக்கூடிய வேடமாகப் பாருங்கள். பையில் கைபேசியோ நாணயமோ இருக்கும் இடத்திலும் தடித்த தையல் ஓடும் இடத்திலும் குத்தக்கூடாது.

ஊசியை யார் வைத்திருப்பது என்பதும் வேடத்தோடு சேர்ந்த கேள்வி. மிட்டாய்ப் பையின் அடியில் போட்டுவிட்டால் அவசரத்தில் தேட வேண்டிவரும். என் மகள் இடுப்பில் கட்டும் சிறு பையில் வைத்திருப்பாள், மாயாவி வேடத்துக்கு அது மருந்துப்பெட்டி என்று அவளே கதையும் கட்டிவிட்டாள். மருந்து உறையக்கூடாது என்பதால் குளிர் ஊர்க்காரர்கள் அதை மேற்சட்டைக்கு உட்புறமாக, உடல் சூட்டுக்கு அருகே வைக்க வேண்டும். காரிலேயே விட்டுவிட்டுப் போவது கோடையிலும் தவறு, குளிர்காலத்திலும் தவறு.

முகச்சாயத்துக்கு வருவோம். டப்பாவில் "ஹைப்போஅலர்ஜெனிக்" என்று அச்சிட்டிருந்தால் நிம்மதி அடையவேண்டாம், அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டபூர்வமான வரையறையே கிடையாது. சில நாள்களுக்கு முன்பே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். மலிவான கிரீடம், சங்கிலி, வாள்பிடி ஆகியவற்றில் நிக்கல் இருக்கக்கூடும், கழுத்தில் தடிப்பு வந்தால் அதை ஐயப்படுங்கள். முகமூடி ரப்பரா என்று பாருங்கள். போன ஆண்டு வேடத்தை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிடாமல் துவைத்து உலர்த்துங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்தத் தூசியே போதும், அதோடு வாசல்களில் செயற்கைப் புகை கக்கும் இயந்திரமும் சேர்ந்தால் இழுப்பு வந்துவிடும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு உணவு ஒவ்வாமையும் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதால் இன்ஹேலரையும் ஊசியோடு சேர்த்தே வையுங்கள்.

பலகாரப்பாட்டி (மார்க்கம்) எழுதியது:

என் பேரனுக்கு எள்ளும் கஜுவும் (முந்திரி) ஒவ்வாது. ஹாலோவீன் பற்றி இளையவர்கள் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் எங்கள் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். தீபாவளியில் எண்ணிக்கை உயரவில்லை என்ற ஆய்வைப் படித்துவிட்டு நம்மவர்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிடக்கூடாது. வாசலில் கிடைக்கும் மிட்டாய்க்கு எங்கோ ஒரு மூலப்பையில் லேபிளாவது உண்டு. பக்கத்து வீட்டு மாமி ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு அனுப்பும் பலகாரத்துக்கு என்ன லேபிள்? டப்பாவின் மேல் ஒட்டியிருப்பது வனிலா ஐஸ்கிறீமின் உட்பொருள் பட்டியல்.

முறுக்கில் எள் கண்ணுக்குத் தெரியும், எடுத்து ஒதுக்கலாம் என்பார்கள். எள் போட்ட முறுக்கைச் சுட்ட எண்ணெயிலேயே எள் போடாத முறுக்கையும் சுட்டால் இரண்டும் ஒன்றே. நல்லெண்ணெய் எள்ளெண்ணெய்தான் என்பதே இங்கே பிறந்த மருமக்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. சிலர் கடலை எண்ணெயில் சுடுவார்கள். கோதுமை ஒவ்வாதவர்களுக்குப் பெருங்காயத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டும், கடையில் விற்கும் தூளில் மாவு சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் கோதுமை மாவு. லட்டுக்கு மேல் தூவிய பச்சை நிறம் பிஸ்தாவா, சாயம் போட்ட கச்சானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முந்திரி ஒவ்வாத பிள்ளைக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஒவ்வாது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். எடிசன் மகள் இதை உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செய்வது இது. பேரனுக்கான பலகாரத்தை முதலாவதாக, அடுப்பங்கரை சுத்தமாக இருக்கும்போதே, புது எண்ணெயில் சுட்டு மூடிவைத்துவிடுவேன். அவனுக்கென்று தனி முறுக்கு உரல், ஏனென்றால் பழைய உரலின் துளைகளில் மாவோடு எள்ளும் ஒட்டிக்கொண்டு எத்தனை கழுவினாலும் போகாது. அதன் பிறகுதான் ஊருக்குச் சுடுவேன். கொடுத்தனுப்பும் பெட்டியில் என்னென்ன சேர்த்தேன் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுவேன். முதலில் சிரித்தார்கள். இப்போது எங்கள் கட்டடத்தில் வேறு சிலரும் எழுதுகிறார்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது, நாங்கள் எல்லாம் தின்று வளரவில்லையா" என்று பிள்ளையின் வாயில் ஊட்டும் கை பாசமுள்ள கைதான். ஆனால் அந்தக் கையைத் தாய் தட்டிவிட்டால் அவளைத் திட்டாதீர்கள்.

எடிசன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாட்டி அவர்களின் பிஸ்தா பற்றிய குறிப்பு எனக்குப் புதிது, மருத்துவரிடம் கேட்கிறேன். என் கணவரும் இந்த இழையைப் படித்தார். கூடவே தானும் நடந்துவருவதாக இருந்தால் சம்மதம் என்று இறங்கிவந்திருக்கிறார். அவர் கேட்கச் சொன்ன கேள்விகள் இவை. கடலை ஒட்டிய பொட்டலத்தைத் தொட்டாலே ஆபத்தா? சானிடைசர் போதுமா? ஏதேனும் நடந்தால் முதலில் அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?

ஸ்கார்பரோ தாதி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பெனட்ரில் போன்ற மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும், மூச்சுத்திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் நிறுத்தமாட்டா. மாத்திரை வேலை செய்கிறதா என்று காத்திருக்கும் நேரமே பல பிள்ளைகளுக்கு வினையாகிறது. ஒவ்வாத பொருள் உள்ளே போயிருக்கலாம் என்ற நிலையில் உடலின் இரண்டு பகுதிகளில் குறி தெரிந்தால், உதாரணமாகத் தோலில் தடிப்போடு வாந்தியோ, உதடு வீக்கத்தோடு இருமலோ வந்தால், உடனே ஊசி. மூச்சு இழுப்பு, குரல் கம்மல், தொண்டை இறுக்கம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கடுமையாக வந்தாலே போதும், தோலில் தடிப்பு வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். தடிப்பே இல்லாமலும் அனாஃபிலாக்சிஸ் வரும்.

நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் நடுவில் வெளிப்புறமாக அழுத்தி, மூன்று விநாடி அப்படியே பிடியுங்கள். பிள்ளை துள்ளாமல் காலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுக்குத் திணறினால் உட்காரவிடலாம், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுப்பி நடக்கவைத்துக் காருக்குக் கூட்டிச் செல்லாதீர்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டாலோ மீண்டும் மோசமானாலோ இரண்டாவது ஊசி, அதனால்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். தேறிவிட்டான் என்று வீடு திரும்பவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவது உண்டு என்பதால் வைத்தியசாலையில் கண்காணிப்பில் வைப்பார்கள்.

பிள்ளையின் எடையையும் பாருங்கள். 15 முதல் 30 கிலோவரை 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3 மில்லிகிராம் என்பது பெட்டியில் உள்ள கணக்கு. 25 கிலோவை எட்டியதுமே பெரிய அளவுக்கு மாற்றும் வைத்தியர்களும் பலர். ஏழு வயதுப் பையன் அந்த எல்லையில் நிற்பான், கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு மூக்கில் அடிக்கும் நெஃபி என்ற மருந்துக்கும் 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் 30 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2025இல் 15 கிலோ முதல் உள்ள சிறுவர்களுக்கும்.

தொடுவதைப் பற்றி: கடுமையான கச்சான் ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், கச்சான் வெண்ணெயைத் தோலில் தடவியும் அருகில் வைத்து முகரவிட்டும் பார்த்தார்கள். சிலருக்குத் தடவிய இடம் சிவந்து அரித்ததே தவிர ஒருவருக்கும் உடல் முழுவதும் பரவும் தாக்கம் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பொட்டலத்தைத் தொட்டதற்காக நடுங்க வேண்டாம் என்று சொல்லப் போதுமானது. தொட்ட கை வாய்க்கும் கண்ணுக்கும் போவதுதான் ஆபத்து. சானிடைசர் கிருமியைக் கொல்லும், கச்சான் புரதத்தை அகற்றாது. சவர்க்காரமும் நீரும் அகற்றும், ஈரத்துடைப்பானும் அகற்றும். ஆகவே தந்தையாரின் பையில் சானிடைசருக்குப் பதிலாக ஈரத்துடைப்பான் இருக்கட்டும்.

டெக்சாஸ்காரன் எழுதியது:

தொட்டாலே ஆபத்து என்று நான் கேள்விப்பட்டிருந்ததை இந்த இழையிலேயே மறுத்து எழுதியிருப்பதைப் படித்த பிறகு, பால்வேண்டாள் சொன்ன இரண்டு கிண்ண முறைக்கு எனக்கு மறுப்பில்லை. தெரு முழுவதும் மாற வேண்டும் என்ற கட்டாயத்துக்குத்தான் இன்னும் உடன்படவில்லை. எங்கள் வாசலில் இந்த முறை இரண்டாவது கிண்ணம் வைக்கிறேன். ஓர் ஐயம்: ஒரே கிண்ணத்தில் மிட்டாயோடு பென்சிலையும் போட்டால் என்ன?

சான்ஹோசே அப்பா எழுதியது:

தனித்தனியாகவே வையுங்கள். சாக்லேட் உறை கிழிந்து துகள் ஒட்டிய பென்சிலைக் குழந்தை வாயில் கடிக்கும். அதோடு, "உனக்கு அலர்ஜியா?" என்று வாசலில் வைத்து எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல், "எது வேண்டும்?" என்று எல்லாக் குழந்தைகளிடமும் கேளுங்கள். ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளும் ஒளிரும் வளையலைத்தான் பாய்ந்து எடுப்பார்கள், கூடுதலாகவே வாங்கிவையுங்கள். பெரிய மிட்டாய்ப் பையின் லேபிள் பகுதியைக் கத்தரித்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் காசு செலவில்லாத பேருதவி.

பால்வேண்டாள் எழுதியது:

பள்ளி விருந்தை எல்லோரும் மறந்துவிட்டோம். ஒன்ராறியோவில் 2006 முதல் சப்ரீனா சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பால் ஒவ்வாத சப்ரீனா ஷனன் என்ற பதின்மூன்று வயது மாணவி 2003இல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு உண்ட பின் இறந்ததை அடுத்து வந்த சட்டம் அது. அனாஃபிலாக்சிஸ் வரக்கூடிய ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில், உடல்நலக் குறை உள்ள மாணவருக்குப் பள்ளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளை எழுதிவைக்கும் 504 திட்டம் என்று கேளுங்கள். ஆனால் திட்டத்தில் மதிய உணவுதான் எழுதியிருக்கும், வகுப்பு விருந்தும் பண்டிகை மிட்டாயும் விடுபட்டுப்போகும். விருந்துக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்ற பட்டியலை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு, மகனுக்குப் பிடித்த தின்பண்டம் ஒரு டப்பா நிறைய ஆசிரியரின் அலமாரியில் இருக்கும்படி செய்யுங்கள். எனக்கு அப்படி ஒரு டப்பா இருந்தது, மற்ற பிள்ளைகள் அதில் பங்கு கேட்பார்கள்.

எடிசன்வாசி எழுதியது:

ஆசிரியருக்கு இன்றே எழுதிவிட்டேன். ஊசிப் பெட்டியையும் எடுத்துப் பார்த்தோம், அடுத்த மாதம் காலாவதி ஆகிறது. ஹாலோவீனுக்குள் புதியது கிடைக்க மருந்துக்கடையில் சொல்லிவைத்திருக்கிறோம். மகன் டைனோசர் வேடம் கேட்டிருந்தான், தொடைப் பக்கம் ஜிப் வைத்துத் தைக்கலாமா என்று பார்க்கிறேன். பாட்டி, முறுக்கு உரல் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?

பலகாரப்பாட்டி எழுதியது:

இங்கே வாங்கவில்லை மகள், ஊரிலிருந்து தங்கை கொண்டுவந்தாள். பித்தளை. எடிசனில் நம் கடைகளிலேயே எஃகு உரல் இருக்குமே. வாங்கியதும் அதில் ஒரு நிறத் துணியைக் கட்டிவையுங்கள், உதவிக்கு வருகிறவர்கள் மாற்றி எடுத்துவிடுவார்கள்.